நீலப் பெயிண்டில் முப்பத்தேழு

பிப்ரவரி 8, திங்கள்

இன்றைக்கும் பதினொரு மணிக்குத்தான் எழுந்தேன். அதற்குள் அம்மா அகரா வடை சுட்டு, விற்று, எண்ணெய்ச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். "மகாராணிக்குப் பொழுது விடிஞ்சிருச்சா?"

பாலிடெக்னிக்கை விட்டு வந்து ஏழு மாதம். ஏன் விட்டேன் என்று யாருக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. வாத்தியார் பத்து வருஷத்துப் பழைய நோட்ஸை வாசித்துக்கொண்டே தூங்கினார். நானும் கூடவே தூங்கினேன். அவருக்குச் சம்பளம், எனக்கு ஃபெயில்.

மாலையில் கஸ்டோடியோ பெரியப்பா மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். அப்பாவின் அண்ணன், இப்போது குடும்பத் தலைவர். மாடி முழுக்க அவருடையது. கீழே இரண்டு அறை அம்மாவுக்கும் எனக்கும்.

"வீட்டை வாங்க ஒரு கம்பெனி வந்திருக்கு தேஜு. இடிச்சிட்டுப் பன்னெண்டு மாடி கட்டப் போறாங்க. அவங்க வக்கீல் ஒரே ஒரு காகிதம்தான் கேக்கறாரு. இந்த வீடு பாரம்பரியச் சின்னப் பட்டியல்ல இல்லைன்னு அரசாங்கம் எழுத்துல தரணுமாம். நீதான் சும்மா இருக்கியே, போய் வாங்கிட்டு வா."

"பட்டியல்ல இருந்தா?"

"இருக்காது."

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

பிப்ரவரி 9, செவ்வாய்

சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, இந்த வீட்டின் மரத் தளத்துக்கு உண்டு. பெரியப்பா மாடியில் பேசியது கீழே அம்மாவுக்கு அப்படியே கேட்டிருக்கிறது.

"நீ போ. பட்டியல்ல இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வா."

"அம்மா, இருந்தா இருக்கும், இல்லாட்டி இல்ல. கேட்டு வாங்கறதுக்கு அது என்ன அரை கிலோ வெங்காயமா?"

"இந்த லாகோஸ்ல எது கேட்டா கிடைக்காது?"

அம்மா இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஆனால் அவள் விலேலா குடும்பத்து ரத்தம் இல்லை. குடும்பக் கூட்டத்தில் அவள் சாப்பாடு போடலாம், வாய் திறக்க முடியாது. குடும்பத்தில் மூன்று கிளை: பெரியப்பா, பெனடிட்டா அத்தை, செத்துப்போன என் அப்பா. அப்பாவின் கிளைக்கு நான் ஒருத்திதான். மூன்று கையெழுத்தும் இல்லாமல் விற்க முடியாது. பாலிடெக்னிக்கில் செல்லாக்காசாகிப்போன என் பெயர் இங்கே செல்லுபடியாகிறது.

விற்றுவிட்டால் அம்மாவுக்கு எங்கே இடம்? இக்கொரோடுவில் பெரியப்பாவின் மச்சான் வீட்டில் பின்கட்டு. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அங்கே அம்மாவின் அகராவை யார் வாங்குவார்கள்?

எனக்கு? எனக்கு ஊருக்குள்ளேயே யாபாப் பகுதியில் ஓர் அறை பார்த்துத் தருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். கதவைச் சாத்தினால் யாரும் மகாராணி என்று கூப்பிடாத அறை. எனக்கு அது வேண்டும். இங்கே யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்: ரொம்பவே வேண்டும்.

பிப்ரவரி 11, வியாழன்

முதல் அலுவலகம். "எந்தப் பட்டியல்?" என்றார் அங்கிருந்தவர். எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மூன்றாவது ஒன்று யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லையாம். இந்த அலுவலகத்தில் மூன்றுமே இல்லை. பிறகு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. ஏசி இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 16, செவ்வாய்

சரியான அலுவலகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற இடம். கூரை ஒழுகுகிறது. நாலு வாளி வைத்திருக்கிறார்கள். அதிகாரி திருமதி இனியாங், கலபார் பக்கத்து அம்மா, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை வாளியையே பார்த்தார்.

"வீடு பட்டியல்ல இருக்கணுமா, இருக்கக் கூடாதா?"

"பெரியப்பாவுக்கு இருக்கக் கூடாது. அம்மாவுக்கு இருக்கணும்."

"உனக்கு?"

"எனக்கு பஸ் காசு ரெண்டு பேருமே குடுத்தாங்க."

முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "எழுத்துல மனு குடு. நாலு பிரதி."

பிப்ரவரி 18, வியாழன்

மனு கொடுத்தேன். மூன்று பிரதி மூன்று கோப்புக்கு. நாலாவது எதற்கு என்று கேட்டேன். தொலைவதற்காம்.

பிப்ரவரி 23, செவ்வாய்

பதிவேட்டைப் பார்த்தேன். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் சுற்றி, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குள் வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் ஓடாது. மின்சாரம் இருந்தால்தானே.

எங்கள் தெருவில் ஒரே ஒரு வீடுதான் பட்டியலில் இருக்கிறது. எண் 37. அம்மையார் விரல் வைத்து வாசித்தார். இரண்டு தளக் குடும்ப வீடு. பிரேசிலிலிருந்து திரும்பி வந்த கொத்தனார் கட்டியது. வளைவு வாசல். ஜன்னலைச் சுற்றிச் சுதைப் பூக்கள். இடப்பக்கம் மூன்றாவது பூவில் ஓர் இதழ் உடைந்துள்ளது.

அந்தக் கொத்தனார் எங்கள் வம்சத்துப் பாட்டன். அந்த இதழையும் எனக்குத் தெரியும். உடைத்தது என் அப்பா. கால்பந்தால்.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். யாபா அறையின் கதவு என் மூஞ்சியில் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் அவர் விலாசக் கட்டத்தை வாசித்தார். அது எங்கள் வீட்டு விலாசம் இல்லை. பக்கத்து வீடு. அல்ஹாஜி சுராகத்தின் வீடு.

அல்ஹாஜி வீடு என்றால் என்ன? சிமெண்ட் பெட்டி. பச்சை பெயிண்ட். கண்ணாடித் தகடு வைத்த ஜன்னல். எழுபத்துநாலில் அவரே கட்டினது. அதில் சுதைப் பூவும் இல்லை, சுதைப் புல்லும் இல்லை.

"மேடம், இது எங்க வீடு. விவரம் பூரா எங்க வீடு."

"இருக்கலாம். எழுபத்தொம்பதுல ஒரு குழு வந்து வீடு வீடாப் பாத்து விவரம் எழுதிச்சு. எழுதின வீட்டுச் சுவத்துல நீலப் பெயிண்ட்ல எண்ணைப் போட்டுட்டுப் போச்சு. அடுத்த வருஷம் இன்னொரு குழு வந்து, எந்த எண் எந்தச் சுவத்துல இருக்குன்னு பாத்து விலாசம் எழுதிச்சு."

"முதல் குழுவே விலாசத்தையும் எழுதியிருக்கலாமே?"

"விலாசத்துக்கு வேற பட்ஜெட்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சட்டப்படி விலாசம்தான் கணக்கு. இப்போதைக்கு உங்க வீடு பட்டியல்ல இல்ல. தப்புன்னு நீ எழுதிக் குடுத்தா விசாரணை வரும். விசாரணை வந்தா முப்பத்தேழு உங்க வீட்டுக்கு வந்து சேரும். எழுதித் தர்றியா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. சுவரில் எழுதின எண், சுவர் தாண்டி எப்படிப் போகும்?

பிப்ரவரி 24, புதன்

அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். இருமல் வருகிறவரை சிரித்தாள்.

"உங்கப்பா கல்யாணமான புதுசுல சொன்னாரு. நான் நம்பல. அந்த எழுபத்தொம்பதுல மேம்பாலத்துக்கு ரோடு போடறோம்னு வீடுகளை இடிச்சிட்டிருந்தாங்க. இடிக்கப் போற வீட்டுச் சுவத்துல எண் போடுவாங்க. அது சிவப்பு, இது நீலம். யாரு நிறத்தைப் பாத்தா? சுவத்துல எண்ணைப் பாத்ததும் வீடே அழுதுச்சாம். உங்க பெரியப்பா என்ன பண்ணாரு, சுண்ணாம்பை எடுத்து நம்ம சுவத்துல அடிச்சாரு. வெள்ளிக்கிழமை அல்ஹாஜி ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் பாத்து அதே எண்ணை அவரு சுவத்துல போட்டாரு. உங்கப்பாதான் டப்பாவைப் பிடிச்சாராம்."

"எதுக்கு அவர் சுவத்துல போடணும்? அழிச்சா போதாதா?"

"எண்ணைக் காணோம்னா தேடுவாங்கல்ல? உங்க பெரியப்பா எதையும் ஒழுங்காச் செய்யறவரு. ஏழு கோணலா வந்துச்சுன்னு அழிச்சிட்டு ரெண்டாவது தடவை போட்டாராம்."

இப்போது புரிகிறது 'இருக்காது' என்ற அந்த வேகம். முப்பத்தேழு வருஷமாக அவருக்குத் தெரியும். இல்லை, நீல எண் எதற்கு என்று அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்திருக்கும். தெரிந்ததும் என்ன நினைத்திருப்பார்? நிம்மதியா? இதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"நாளைக்கே போய் எழுதிக் குடுத்துடு," என்றாள் அம்மா.

"பெரியப்பா மானம் போயிடும்."

"போயிட்டு வரட்டும். எனக்கு மட்டும் போக இடம் இருக்கா?"

நாளைக்கு நான் போக மாட்டேன். யாபா.

பிப்ரவரி 29, திங்கள்

அல்ஹாஜியைப் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன்? வம்பு பிடிக்கும், அதனால்.

முன்னறையில் ஒரு கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மெக்காவில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில். இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்டது, இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று எழுதி, முத்திரை குத்தி.

"அல்ஹாஜி, இந்த வீட்டை நீங்கதான கட்டினீங்க?"

"பாத்துப் பாத்துக் கட்டினேன். அந்த ஜன்னல் கண்ணாடி பூரா அப்பாப்பா துறைமுகத்துல நானே இறக்கினது."

"அப்புறம் எப்படிச் சரித்திரம் ஆச்சு?"

அவர் கோலா கொட்டையை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார். நிதானமாக மென்றார்.

"ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதிட்டு வந்தேன். சுவத்துல எண் இருந்துச்சு. தொட்டேன், கையில ஒட்டிச்சு. ஏன் பொண்ணே, அரசாங்கம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை செய்யுமா? உங்க வீட்டைப் பாத்தேன். சுண்ணாம்பும் காயல."

"அப்பவே தெரியுமா?"

"கஸ்டோடியோ மாடியில நின்னுக்கிட்டு என்னைப் பாத்து வணக்கம் சொன்னான். அதுக்கு முன்னாடி அவன் எனக்கு வணக்கமே சொன்னதில்ல."

ஒரு வருஷம் இடிக்க வருவார்கள் என்று பயந்தாராம். தூக்கமே இல்லையாம். பிறகு இந்தக் கடிதம் வந்ததாம்.

"படிச்சிட்டு அந்தப் பெருநாளைக்கு உங்க பெரியப்பாவுக்கு ஒரு கிடா அனுப்பினேன். எதுக்குன்னு அவன் கேக்கவே இல்ல. நல்லாச் சாப்பிட்டான்."

"தப்பைத் திருத்தச் சொல்லலாமே? மேல மாடி கட்டிக்கலாம்."

"என் பசங்க ரெண்டு பேரும் ஹூஸ்டன்ல இருந்து மாசா மாசம் போன் பண்றானுங்க. அப்பா, இடிச்சிட்டு அபார்ட்மெண்ட் கட்டலாம், நீங்க இங்க வந்துடுங்கன்னு. நான் என்ன சொல்றேன்? 'எனக்கும் ஆசைதாண்டா, சட்டம் விடலையே'ன்னு சொல்றேன்." கடிதத்தைத் திரும்பிப் பார்த்தார். "என்னைச் சரித்திரத்துல இருந்து எடுத்துடாத, விலேலா பொண்ணு. எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஹூஸ்டன்ல குளிருமாம்."

ஆக, உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு வீடு நிற்கும், அல்ஹாஜிக்குப் போகும். சொல்லாவிட்டால் அவருக்கு நிற்கும், அம்மாவுக்குப் போகும். எனக்கு யாபா.

இதற்கெல்லாமா நான் பாலிடெக்னிக்கை விட்டேன்?

மார்ச் 4, வெள்ளி

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கம். இரண்டிலும் தனித்தனியாகக் கையெழுத்து, தனித்தனியாக முத்திரை.

முதல் பக்கம்: விலேலா குடும்ப வீடு பட்டியலில் இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டாவது பக்கத்தைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன். மேற்படி வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடமான எண் 37-ஐ ஒட்டியுள்ளது. எனவே மேற்படி மனையில் எண் 37-ஐவிட உயரமாக எதையும் கட்ட அனுமதி கிடையாது.

பதிவேட்டில் எண் 37 இரண்டு தளம்.

பன்னிரண்டு மாடியாவது, மண்ணாவது. பெரியப்பா அன்றைக்கு அல்ஹாஜி சுவரில் அவ்வளவு ஒழுங்காக எழுதின எண், அவருடைய பன்னிரண்டு மாடியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

திருமதி இனியாங் இதை வேண்டுமென்றே எழுதினாரா? காகிதத்தைக் கொடுக்கும்போது, "ரெண்டு பக்கத்தையும் பத்திரமா வெச்சுக்க, மழை வருது" என்று மட்டும் சொன்னார். மழையே வரவில்லை.

மார்ச் 5, சனி

கம்பெனியின் தரகர் கிங்ஸ்லி தெருமுனையில் பிடித்துக்கொண்டார். கண்ணாடி மாதிரி பளபளக்கிற ஷூ. எங்கள் தெருச் சாக்கடையை அது எப்படித் தாண்டுகிறது என்பது தனி வித்தை. கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். முதல் பக்கத்தை மடித்துத் தன் பையில் வைத்தார். இரண்டாவதை என் கையில் கொடுத்தார்.

"இது உனக்கு."

"வக்கீல் கேக்க மாட்டாரா?"

"அவரு கேட்டது ஒரு காகிதம். ஒரு காகிதம் கிடைச்சிருச்சு."

"அப்புறம் மேல கட்ட விடமாட்டாங்களே?"

"முதல்ல இடிப்போம் தங்கச்சி. இடிச்சப்புறம் அபராதம்னு ஏதாவது சொல்வாங்க, கட்டிக்கலாம். காலி மனையப் பாத்து யாரு அழப் போறா?" தோளில் தட்டினார். "நீ நல்ல பொண்ணு. உங்க பெரியப்பா சொன்னாரு, யாபாவுல அறை வேணுமாம்ல? குளியலறையோட பாக்கறேன்."

குளியலறையோட.

மார்ச் 8, செவ்வாய்

இரண்டாம் பக்கம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. இதன்மேல் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10, வியாழன்

சனிக்கிழமை கூட்டம். அம்மா கேட்டாள், "காகிதத்துல என்ன எழுதியிருக்கு?" பட்டியலில் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். அவள் எத்தனை பேருக்கு மீன் வாங்கணும் என்று விரல் விட்டு எண்ணினாள்.

மார்ச் 12, சனி

எழுதிவிடுகிறேன்.

மாடிக் கூடத்தில் கூட்டம். பெரியப்பா, பெனடிட்டா அத்தை, நான், கிங்ஸ்லி, வக்கீல். வக்கீல் வயதானவர், காதில் மிஷின், ஒவ்வொரு வரியையும் பேனாவால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறவர். அம்மா சோறும் மீனும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பெரியப்பா பெருந்தன்மையாக ஆரம்பித்தார். "தம்பி பொண்டாட்டியை நாங்க தெருவுல விடல. இக்கொரோடுல பின்கட்டு இருக்கு. காத்து நல்லா வரும்."

அத்தை சொன்னாள், "காத்துல அகரா பொரியுமா அண்ணா?" சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அத்தை எப்போதும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

பெரியப்பாவும் போட்டார். பேனா என்னிடம் வந்தது.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டுகளைப் பார்த்தாள். "யாருக்காவது இன்னும் மீன் வேணுமா?" என்றாள்.

இருபத்தாறு வருஷம் இருந்த வீட்டை எல்லாரும் சேந்து விக்கறாங்க, இவ மீன் வேணுமான்னு கேக்கறா. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. அவ கத்தியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமா போட்டிருப்பேன்.

கிங்ஸ்லி, "போடு, நல்ல பொண்ணு" என்றார்.

நோட்டைத் திறந்து இரண்டாம் பக்கத்தை எடுத்து வக்கீல் முன்னால் வைத்தேன். "இது கடிதத்தோட மிச்சம். வழியில பிரிஞ்சிடுச்சு."

வக்கீல் பேனாவால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எவ்வளவோ நேரம் படித்தார். பிறகு மூடியைப் போட்டார். "ரெண்டு மாடிக்கு மேல கிடையாதுன்னா, என் கட்சிக்காரர் எதுக்கு வாங்கணும்?" கிங்ஸ்லியை ஒரு பார்வை பார்த்தார். ஷூ பளபளப்பு கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது.

பெரியப்பா எழுந்தார். "அது தப்பு. அந்த வீடு எழுபத்துநாலுல கட்டினது. அது எப்படிப் பாரம்பரியம் ஆகும்? நாளைக்கே மனு போடறேன்."

"போடுங்க பெரியப்பா," என்றேன். "போட்டா விசாரணை வரும். எண் எப்படி அந்தச் சுவத்துக்குப் போச்சுன்னு கேப்பாங்க. எந்தச் சுவத்துல இருந்து போச்சுன்னும் கேப்பாங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஜன்னல் வழியாகப் பச்சைச் சுவரைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

உண்மையைச் சொன்னால் நம் வீடு சின்னம். சொல்லாவிட்டால் பக்கத்து வீடு சின்னம். அவர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடி முடிவதைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னொரு துண்டு மீன்," என்றார்.

மார்ச் 13, ஞாயிறு

காலையில் அம்மா ஏழு மணிக்கு எழுப்பிப் பயறு அரைக்கச் சொன்னாள். இதுதான் நன்றியென்றால் எனக்கு வேண்டாம்.

நான் ஏன் செய்தேன் என்று அத்தை கேட்டாள். கிங்ஸ்லி நல்ல பொண்ணு என்று சொன்னது பிடிக்கவில்லை என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

மார்ச் 25, புனித வெள்ளி

அம்மா பெரிய பானையில் ஃப்ரெஜோன் கடைந்தாள். தேங்காய்ப்பாலில் கரைந்த பயறு, கரண்டியைச் செங்குத்தாக நிறுத்தினால் நிற்கிற பதம். முதல் கிண்ணத்தை அல்ஹாஜிக்குக் கொடுத்தனுப்பினாள். நான்தான் கொண்டுபோனேன்.

"உங்க பெரியப்பாவும் சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டாரு. யாரோடயும் பேசாம."

"சாப்பிடட்டும், சாப்பிடட்டும். அவனும் பழைய கட்டடம்தானே, பலமா இருந்தாத்தான் நான் பாத்துக்கிட்டு இருக்க முடியும்."

ஏப்ரல் 14, வியாழன்

யாபாவில் அறை பார்த்தேன். என் கைக்காசில், இன்னொருத்தியோடு பங்கு போட்டு. குளியலறை மாடிப்படிக்குக் கீழே, ஆறு வீட்டுக்குப் பொது. திருமதி இனியாங் அலுவலகத்தில் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவையாம், மூன்று மாதத்துக்கு. எண் முப்பத்தேழு வரும்போது என்ன எழுதுவேன் என்று கேட்டார். விலாசக் கட்டத்தில் விலாசம், விவரக் கட்டத்தில் விவரம் என்றேன். வேலை கொடுத்துவிட்டார்.

மே 19, வியாழன்

சம்பளத்தன்று அம்மாவைப் பார்க்கப் போனேன். நான் கிளம்பின நாலாம் நாளே என் அறையை ஒரு ஆசிரியைக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். அந்தப் பெண் காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறாளாம். மூன்று தடவை சொன்னாள்.

பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் வந்தார்கள், முப்பது பேர், நீலச் சீருடை. பட்டியலை யாரோ இணையத்தில் போட்டிருக்கிறார்கள் (நான்தான்). கூட வந்த டீச்சர் அவர்களை எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்தி, எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திருப்பி, பச்சைச் சுவரை வரையச் சொன்னார். வெயிலுக்குச் சிலர் எங்கள் வளைவு வாசலில் ஒண்டிக்கொண்டார்கள். ஒருத்தி சுதைப் பூவில் நோட்டை அழுத்திவைத்து ஜன்னல் கண்ணாடித் தகடுகளை எண்ணி எண்ணி வரைந்தாள்.

அல்ஹாஜி வெள்ளை அங்கி, புதுத் தொப்பி சகிதம் வாசலில் நின்றார்.

"ஐயா, இதைக் கட்டினது யாரு?" என்று டீச்சர் கேட்டார்.

"ரொம்பப் பெரிய மனுஷன் ஒருத்தன்மா," என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. "கடல் தாண்டி வந்த சாமான் எல்லாம்."

முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

மாடி விளிம்பில் கஸ்டோடியோ பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறந்தார், நான் பார்த்தேன். எங்கே அந்தச் சுதைப் பூ, எங்கே அந்தக் கொத்தனார் பாட்டன், எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கீழேயிருந்து அல்ஹாஜி நிமிர்ந்து பார்த்து, ரொம்ப மரியாதையாக வணக்கம் சொன்னார்.

பெரியப்பாவும் வணக்கம் சொன்னார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.